கரண்ட் வரும் வரைக்கும்

மோட்டாருக்கான மூன்று பேஸ் கரண்டை முறை வைத்து விட ஆரம்பித்ததிலிருந்து, அந்த ஊரில் காலையில் பல்லைத் தேய்க்க மறந்தவர்கள் உண்டு, கரண்ட்காரர்களைத் திட்ட மறந்தவர்கள் கிடையாது. ஒரு வாரம் பகலில் விடுவார்கள், மறு வாரம் இரவில். வரும் என்ற நேரத்துக்கு வராது, வந்தால் நிற்காது. உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கவேண்டிய ஊர் அது. ஏரித் தண்ணீர் சம்பாவோடு சரி. அதற்கடுத்த நவரைப் பட்டத்துக்குக் கிணறுதான் கதி, கிணற்றுக்கு மோட்டார்தான் கதி. எனவே திட்டுகிறவர்கள் பக்கம் முழு நியாயமும் இருந்தது.

ஒருத்தி மட்டும் திட்ட மாட்டாள். கன்னியப்பன் மனைவி ஆதிலட்சுமி. குழாயடியில் மற்ற பெண்கள் கரண்டைச் சபிக்கும்போது அவள் குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். பொறுமைசாலி என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. கரண்ட் தாமதமாக வந்தால் அவளுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

ஏனென்றால் ஆதிலட்சுமி கதை எழுதுகிறவள். பிறந்த ஊரையும் சேர்த்து ‘புள்ளலூர் ஆதிலட்சுமி’ என்று போட்டு வாரப் பத்திரிகைகளில் அவள் கதைகள் சில வந்திருந்தன. பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகி வந்தவள். வந்த இடத்தில் இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள், நாற்று, களை, அறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனார் கோவிந்தம்மாள். கன்னியப்பனின் அக்காவான அவள் எதிர்வீட்டில்தான் இருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷர் யாரைப் பார்த்தாலும் அவளுக்கு உடம்பு எரியும். உடனே ஒரு முறம் நிறைய ஏதாவது கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவாள். தம்பியே அக்காளைக் கண்டால் கையில் ஒரு கயிற்றையாவது எடுத்து முறுக்க ஆரம்பித்துவிடுவான்.

கதை பத்திரிகையில் வந்தால் கன்னியப்பனுக்குப் பெருமைதான். புத்தகத்தை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவான். படித்தானா என்று கேட்கக் கூடாது. இரண்டாவது பாராவில் அவனுக்குக் கண் சொக்கிவிடும். கோழி முட்டையிடுகிற மாதிரி தன் மனைவிக்குக் கதை தானாக வருகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஊரும் அப்படித்தான் நினைத்தது. கோழிக்குக்கூட ஒரு மூலை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மூலையைத் தேடி அவள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. முதலில் எல்லோரும் படுத்த பிறகு சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தாள். கதை வந்தது, கூடவே தலைவலியும் வந்தது. குழம்பு அடிபிடித்தது. ஒருநாள் நாற்று நடும்போது சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். உத்திரமேரூர் டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆதிலட்சுமி ஒரு முடிவுக்கு வந்தாள். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும். இனி விளக்கு வைத்தால் பேனாவைத் தொடுவதில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் மோட்டார் கொட்டாய். இரவு முறை கன்னியப்பனுக்கு, பகல் முறை அவளுக்கு என்று வீட்டில் ஏற்பாடு. கழனி வேலைக்குச் செங்கேணி என்று ஓர் ஆள் இருந்தான். மடை திருப்பச் சொன்னால் திருப்புவான், மரம் ஏறச் சொன்னால் ஏறுவான். ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் தொட மாட்டான். ஒருமுறை அது அவனை வரப்பில் தூக்கிப் போட்டிருந்தது. ஆகவே கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடந்து, வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கி, நின்றால் மறுபடி அமுக்கி, ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்த பாத்திக்கு மடையை மாற்றுகிற வேலை அவளுடையதாயிற்று. செங்கேணிக்கு வேறு வேலைகள் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்பிள்ளை பட்டப்பகலில் தனியாக உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்றால் ஊர் விடுமா? மோட்டாருக்குக் காவல் என்றால் ஊரே ‘ஐயோ பாவம்’ என்கிறது. கரண்ட் வராத வரைக்கும் நிசப்தம். வந்துவிட்டாலோ இன்னும் நல்லது, மோட்டார் போடுகிற சத்தத்தில் கோவிந்தம்மாளே வரப்பில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. கவிழ்த்துப் போட்ட பழைய தொட்டிமேல் சாக்கை விரித்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு ஆதிலட்சுமி எழுதினாள். வேளைக்குச் சாப்பிட்டாள், இரவில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள், முகத்தில் ரத்தம் ஊறியது. அந்தக் கொட்டாயில் இருந்தபோது அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகை அவளிடம் தொடர்கதை கேட்டது. பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை போடுகிற ஓரகத்திகள் இரண்டு பேரின் கதை. சில அத்தியாயங்களை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டாள், அவை வெளிவரவும் தொடங்கின. மிச்சம் வாராவாரம் போய்ச் சேரவேண்டும்; தவறினால் நிறுத்திவிடுவோம் என்று அவர்கள் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்கே தெரிந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள், கதையில் மூத்த ஓரகத்தி கடையைக் காலி பண்ணச் சொன்ன குத்தகைக்காரனை அறையக் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையை அப்படியே விட்டுவிட்டு மடை திருப்பப் போவது எப்படி? அறைந்து முடியட்டும் என்று ஆதிலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். அறைந்த பிறகு அவன் என்ன சொன்னான் என்று தெரியவேண்டியிருந்தது. பிறகு கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கலைத்து அனுப்பிவிட்டு அவள் தலையைத் தூக்கியபோது பாத்தி நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே சடையப்பன் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டிருந்தார். நன்றாகக் காய்ந்து, அன்றைக்குச் சாயங்காலம் காய் ஆய்வதாக இருந்தது.

சடையப்பன் போட்ட கூச்சலில் மோட்டார் சத்தமே அமுங்கிவிட்டது. கன்னியப்பன் ஓடிவந்து, கையெடுத்துக் கும்பிட்டு, செங்கேணியையும் இழுத்துக்கொண்டு நனைந்த செடியையெல்லாம் மேட்டில் பரப்பிப் போட்டான். பாதிக்குமேல் தப்பியது. அப்புறம்தான் மனைவியிடம் வந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டான். கத்தவில்லை. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. பேப்பரை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, கண் அசந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தூங்கினேன் என்றால் மன்னிப்பு உண்டு, எழுதினேன் என்றால் கிடையாது. அந்தக் கணக்கில் சொன்ன பொய். பொய் நன்றாகவே வேலை செய்தது. வேண்டியதற்கு மேலாகவே செய்தது.

கன்னியப்பன் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. முன்னே ஒருமுறை சேற்றில் விழுந்தவள், இப்போது உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாள், உடம்பு என்ன கதிக்கு வந்திருக்கும் என்று அவன் மனசுக்குள் ஓடியது. நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் யோசிக்க ஆரம்பித்தால் சில சமயம் ஆபத்து. புது சைக்கிள் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, ஒரு நாள் பஸ் ஏறி காஞ்சிபுரம் போய், அட்டைப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர். கரண்ட் வந்தால் அதுவே மோட்டாரைப் போட்டுக்கொள்ளும், போனால் நிறுத்திக்கொள்ளும். அந்த ஊருக்கே அது முதல் பெட்டி.

மோட்டார் மெக்கானிக் வரதன் வந்து அதை மாட்டினான். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். கோபத்தில் இருந்த சடையப்பனே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமல் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது, கூட்டம் கை தட்டியது. செங்கேணி தூரத்தில் நின்று அந்தப் பெட்டியைக் கும்பிட்டான். பெட்டியைத் தொடவேண்டியதில்லை என்றால் மடையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

கன்னியப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "இனிமே நீ இங்க வந்து காத்துக்கினு கெடக்க வேணாம்மே. வூட்ல செத்த நேரம் படு."

ஆதிலட்சுமி சிரித்தாள். சிரிக்கத்தானே வேண்டும். தன்மேல் உள்ள பிரியத்தில் ஒருவன் சைக்கிளை விட்டுக்கொடுத்து வாங்கிவந்த சாமானைப் பார்த்து அழ முடியுமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அவள் அதுவரை யாருக்கோ நடப்பதாகத்தான் கேட்டிருந்தாள்.

வீட்டில் படுத்தாளா என்றால், அந்த வீட்டில் பகலில் முதுகைச் சாய்த்தவர்கள் காய்ச்சல்காரர்கள் மட்டும்தான். ஓய்வு வந்தது என்று தெரிந்த மறுநாளே கோவிந்தம்மாள் வடகத்துக்கு மாவைக் கொண்டுவந்து இறக்கினாள். அடுத்து உளுந்து புடைக்க, அடுத்து மிளகாய் காம்பு கிள்ள. கன்னியப்பனும் தன் பங்குக்கு, நேரந்தான் இருக்கிறதே என்று ஒரு சினை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். பள்ளத்தைக் கண்ட தண்ணீர் மாதிரி வேலை வந்து நிரம்பியது. மாட்டுக் கொட்டகையில் மறைவாக உட்கார்ந்து நாலு வரி எழுதினால் நாலு பேர் கூப்பிட்டார்கள். கதையில் ஓரகத்திகள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றபடி நின்றார்கள், நாட்கணக்கில். பெஞ்சில் உட்காரச் சொல்லக்கூட அவளுக்கு ஒழியவில்லை. பழையபடி விளக்கை ஏற்றினாள். பழையபடி தலைவலி வந்தது. அரிவாள்மணையில் விரலை நறுக்கிக்கொண்டாள். அப்படியே தட்டித் தட்டி ஓர் அத்தியாயத்தை முடித்து அனுப்பினாள், அது நன்றாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தபால் பெட்டிக்கு முன்னால் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த பகல் முறையில் ஆட்டோமேட்டிக் பெட்டி வேலை செய்யவில்லை.

வரதன் வந்து திறந்து பார்த்தான். உள்ளே மெல்லிசான ஒரு வயர் கழன்று கிடந்தது. எலி வேலை என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனான். மாட்டிய மறுநாள் திரும்பக் கழன்றது. நவரைப் பயிர் பால் பிடிக்கிற சமயம், ஒரு நாள் தண்ணீர் தவறக் கூடாது. சரி, வரதன் வருகிற வரைக்கும் நீயே போய்ப் போடு என்று கன்னியப்பன் தயங்கித் தயங்கி ஆதிலட்சுமியை அனுப்பினான். அவள் மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்தபடி போனாள். அவ்வளவு அடக்கமாக அவள் எப்போதும் போனதில்லை. கொட்டாயில் எலிப்பொறி வைத்தார்கள். மசால்வடை வைத்தார்கள். வடையை எறும்பு தின்றது. வயர் மூன்றாம் தடவையும் கழன்றது.

பயிருக்கு ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். மெயினை இறக்கிவிட்டுத்தான் எலி கை வைத்தது. கரண்ட் வந்த நிமிஷத்தில் பச்சைப் பொத்தானையும் அமுக்கியது. மடையை இப்போது ஒருதரம்கூட மறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்த ஓரகத்திகள் ஒருவழியாக உள்ளே போய் இன்ஸ்பெக்டரைத் திணற அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வரதன் மூன்றாம் தடவை மாட்டிவிட்டு ரோட்டு வரைக்கும் கன்னியப்பனோடு நடந்தான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னான்.

"எலி வயரக் கடிக்கும்ணே. ஸ்க்ரூவக் கயட்டி, வயர எடுத்துட்டு, திரும்ப ஸ்க்ரூவ முடுக்கி வெக்குமா?"

மறுநாளும் வயர் கழன்றது, ஆதிலட்சுமி மம்மட்டியோடு போனாள். அன்று மதியம் கன்னியப்பன் கழனிக்கு வழக்கமான வரப்பில் போகாமல், சடையப்பன் கொல்லையைச் சுற்றிக்கொண்டு போய் கொட்டாய் வாசலில் நின்றான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுதினாள். உதடு அசைந்தது. யாரோ எதிரே நிற்பதுபோல் முறைத்தாள், பிறகு தனக்குத்தானே சிரித்தாள், உடனே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். எழுந்து போய் எட்டிப் பார்த்து, மடையை மாற்றிவிட்டு, ஓட்டமாக வந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். வாசலின் ஓரத்தில் கதவு மறைவில் ஒதுங்கி நின்றவனை அவள் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த முகத்தைக் கன்னியப்பன் பார்த்தது கிடையாது. கோபமாக வந்தவனுக்கு என்னவோ கூச்சமாக இருந்தது, அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவனைப்போல. இரண்டு தரம் கனைத்தான். அது எங்கே கேட்கும்? கையை நீட்டி மெயினை இறக்கினான்.

மோட்டார் நின்றதும் அவள் நிமிர்ந்தாள். பேப்பரை மறைக்கக் கை போனது, பாதியில் நின்றது.

"அந்த எலி நீதானா" என்றான் கன்னியப்பன்.

"ஆமா."

"தூக்கம் வருதுன்னியேன்னு தானே மாட்டினேன்."

"நான் தூங்கல மாமா. அன்னிக்கி வரப்பு ஒடஞ்சப்பவும் தூங்கல. எயுதிக்கினுதான் இருந்தேன்." அச்சில் எழுத்து என்று போடுகிறவள்தான், வாய்க்கு வருவது எயுத்துதான். "தூங்கினேன்னா ஐயோ பாவம்னுவே. எயுதினேன்னா இன்னா சொல்லியிருப்பே?"

அவன் யோசித்தான். சடையப்பனுடைய நனைந்த கடலையும், அக்காளின் முகமும், அன்றைக்கு இருந்த தன் மனநிலையும் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நேரம் குடுத்திருக்க மாட்டனா?"

"மாட்டே."

கன்னியப்பன் கிணற்றைப் பார்த்தான். தூரத்தில் செங்கேணி, மோட்டார் ஏன் நின்றது என்று தெரியாமல், சாக்கிரதையாக அங்கேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாட்டேன்தான்" என்றான் கன்னியப்பன் கடைசியில்.

அவளுக்கு அதுவரை அடங்கியிருந்த அழுகை அப்போது வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக இருந்தது. விசும்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விளக்கில் எழுதினால் உடம்பு விழுந்துவிடுகிறது, வீட்டில் எழுதினால் நாலு பேர் கூப்பிடுகிறார்கள், வேலைக்கு அவள் பயந்தவள் இல்லை, யாரும் கூப்பிடாத ஓர் இடம் கொஞ்ச நேரம் வேண்டும், அது இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற மாதிரியே இல்லை. இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வாள் என்று அவளே நினைக்கவில்லை.

அவன் பெட்டியைத் திறந்து வயரை மாட்டினான். அவள் முகம் வாடிப்போயிற்று. மாட்டி முடித்து, ஸ்க்ரூவை முடுக்கி, மெயினை ஏற்றினான். மோட்டார் தானாகவே கிளம்பியது. அந்தச் சத்தத்தில் அவள் காதருகே குனிந்து கத்தவேண்டியிருந்தது அவனுக்கு.

"இது ஓடட்டும். நீயும் வா. ஆனா மோட்டார் போடப் போறேன்னு சொல்லிக்கினு வராத. எயுதப் போறேன்னு சொல்லிட்டு வா."

அவள் தலையாட்டினாள். அவன் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல நின்றான். பிறகு, அக்காகிட்ட மட்டும் நீயே சொல்லிடு, நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டான்.

மறுநாள் மதியச் சோற்றை முடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஆதிலட்சுமி தெருவில் இறங்கினாள். தோளில் மம்மட்டி இல்லை. கையில் பேப்பரும் பேனாவும் பலகையும் மட்டும், பட்டவர்த்தனமாக. மம்மட்டி இல்லாமல் நடப்பது ரவிக்கை போடாமல் நடக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. கன்னியப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்ததும் மாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

கோவிந்தம்மாள் வாசலுக்கு வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெட்டிதான் தானாக ஓடுகிறதே, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் எப்போதும் காத்திருப்பதில்லை.

"கயினிப் பக்கந்தானே? திரும்பி வரச்சொல்ல ரெண்டு கட்டு புல்லு அறுத்துக்கினு வந்துடு."

சரி என்று ஒரு வார்த்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ, கணக்கு யாரிடமும் இல்லை. இப்போதும் நாக்கு நுனியில் அதுதான் வந்து நின்றது. ஆதிலட்சுமி அதை விழுங்கினாள்.

"மாட்டேன் அண்ணி. நான் எயுதப் போறேன்."

கோவிந்தம்மாள் காது கேட்காதவளைப்போலப் பார்த்தாள். எழுதவா என்று கேட்டாள். எழுதத்தான் என்றாள் இவள். அந்த அம்மாளின் வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை ஒன்று தெருவில் விழுந்து கிடந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப புல்லு?"

"மாமா அறுத்துக்கினு வருவாரு" என்றாள் ஆதிலட்சுமி.

மாட்டுக்குப் பின்னால், கூரை எரவாணத்திலிருந்து அரிவாளை உருவுகிற சத்தம் கேட்டது. கோவிந்தம்மாள் தம்பியைப் பார்க்கத் திரும்பினாள். ஆதிலட்சுமி திரும்பிப் பார்க்காமல் கழனியை நோக்கி நடந்தாள்.